பூமி நமக்கென அமைக்கப்பட்டதா என்று ஆராய்வது எப்படி?

பத்தாம் வகுப்புப் படிக்கும் பேத்தி தோட்டத்துச் சாளையின் திண்ணையில் அமர்ந்து, "பூமி கொஞ்சம் தள்ளியிருந்தா நாம யாருமே இருந்திருக்க மாட்டோமாமே, அப்ப இதை அளந்து வெச்சது யாருங்க அப்பிச்சி?" என்று கேட்டால், உண்டு என்றோ இல்லை என்றோ ஒரே சொல்லில் முடித்துவிடத் தோன்றும். அப்படி முடித்தால் அவள் அடுத்த கேள்வியைக் கேட்க மாட்டாள். நான் பேரூர்ப் பட்டீசுவரரை வணங்குபவன். ஆயினும், என் நம்பிக்கைக்குச் சாதகமாக இருக்கிறது என்பதற்காகவே ஒரு வாதத்தை ஏற்பது அந்த நம்பிக்கைக்கே நல்லதன்று என்று கருதுகிறேன். வீட்டிலோ ஊர் நூலகத்திலோ இதைப் பற்றிப் பேச விரும்புவோருக்காக, நான் பின்பற்றும் முறையை எழுதுகிறேன்.

முதலில் வாதத்தை ஒரு தாளில் இரண்டு வரிகளாகப் பிரித்து எழுதுங்கள். பூமி இன்னின்ன வகையில் உயிர்களுக்குப் பொருந்தியிருக்கிறது என்பது முதல் வரி. அந்தப் பொருத்தம் ஒருவர் கருதிச் செய்ததால் வந்தது என்பது இரண்டாம் வரி. முன்னது அளந்து பார்க்கக்கூடியது, பின்னது அனுமானம். ஒன்றை மறுத்தால் மற்றதையும் மறுத்ததாக எண்ணிக்கொள்வதால்தான் பேச்சு சண்டையாக மாறுகிறது.

முதல் வரியிலுள்ள தகவல்களை ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள், ஏனெனில் வாட்ஸ்அப்பில் சுற்றிவருபவற்றுள் சில பிழையானவை. சூரியனிலிருந்து நாம் இருக்கும் தொலைவு சிறிது மாறினாலும் கருகிப்போவோம் என்பது அவற்றுள் ஒன்று. பூமியின் பாதை முழு வட்டமன்று. ஜனவரித் தொடக்கத்தில் சுமார் 14.7 கோடி கிலோமீட்டர் தொலைவிலும், ஜூலைத் தொடக்கத்தில் சுமார் 15.2 கோடி கிலோமீட்டர் தொலைவிலும் இருக்கிறோம். ஆண்டுதோறும் 50 லட்சம் கிலோமீட்டர் விலகியும் நெருங்கியும் வருகிறோம், அதிலும் மார்கழிப் பனியில் நடுங்கும் நாட்களில்தான் சூரியனுக்கு மிக அருகில் இருக்கிறோம். பருவங்களை உண்டாக்குவது அச்சின் 23.4 பாகைச் சாய்வு. காற்றில் 21 விழுக்காடு இருக்கும் ஆக்சிஜனும், நாம் மூச்சுவிடுவதற்காக முன்கூட்டியே நிரப்பி வைக்கப்பட்டதன்று. தொடக்ககாலப் பூமியின் காற்றில் அது ஏறத்தாழ இல்லை. நீலப்பச்சை நுண்ணுயிர்கள் ஒளிச்சேர்க்கையால் வெளியிட்டது சுமார் 240 கோடி ஆண்டுகளுக்கு முன்புதான் காற்றில் சேரத் தொடங்கியது. குடியேறிய உயிர்களே வீட்டில் ஒரு பகுதியைக் கட்டியிருக்கின்றன. இவற்றைக் கழித்த பிறகும் வலுவானவை மிஞ்சும். வெள்ளியின் தரை 460 பாகை செல்சியசுக்கு மேல் கொதிக்க, செவ்வாயின் காற்றழுத்தம் நம்முடையதில் நூற்றில் ஒரு பங்கைக்கூட எட்டாதிருக்க, இடையில் இங்கு மட்டும் கடல் பல நூறு கோடி ஆண்டுகளாக வற்றாமலும் முற்றாக உறைந்து போகாமலும் நிலைத்திருப்பது எத்தனை முறை எண்ணினாலும் வியப்பு குறையாத உண்மை.

வரவை எழுதும் கணக்கில் செலவையும் எழுதுங்கள். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று கோயம்புத்தூரைக் குளிர்விப்பதை அருட்கொடை என்கிறோம். அதே மலைத்தொடர் தென்மேற்குப் பருவமழையை மறித்து வால்பாறையில் கொட்டவைத்து, பல்லடத்தையும் தாராபுரத்தையும் மழைமறைவில் நிறுத்தியிருப்பதையும் அதே பக்கத்தில் எழுதவேண்டும்.

அடுத்து, கண்ணில் படாதவற்றைக் கேட்டறியுங்கள். இதுவே எனக்கு மிக முக்கியமாகத் தோன்றுகிறது. எங்கள் தோட்டத்தில் ஆயிரம் அடிக்கு மேல் இறங்கிய ஒரு போர், அதாவது ஆழ்துளைக் கிணறு, இரண்டு இஞ்சு தண்ணீர் தருகிறது. அது தொட்டியில் விழுவதைப் பார்க்கும் விருந்தினர்கள், உள்ளங்கையில் தேங்காயை வைத்துக்கொண்டு நடந்து நீரோட்டம் பார்த்தவரை மெச்சுகிறார்கள். அதே காட்டில் வெறும் கல்தூள் மட்டுமே பறந்து, மூடி போட்டு அடைக்கப்பட்ட மூன்று குழிகள் இருப்பது அவர்களுக்குத் தெரியாது. தண்ணீர் வராத குழிக்கு யாரும் மோட்டார் இறக்குவதில்லை. உயிர் தோன்றாத கோளில் இந்தக் கேள்வியைக் கேட்க யாரும் இருப்பதில்லை. நாம் எங்கிருந்து பார்க்கிறோமோ அந்த இடம் நாம் வாழத்தக்கதாகவே இருந்தாக வேண்டும் என்பதை 1973இல் பிராண்டன் கார்ட்டர் என்னும் இயற்பியலாளர் ஒரு கொள்கையாக வகுத்தார். சூரியனைப் போன்ற வேறொரு விண்மீனைச் சுற்றும் கோள் 1995இல்தான் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது. இன்று அறியப்பட்ட இத்தகைய வெளிக்கோள்கள் 5,000க்கும் மேல், நம் பால்வழியிலோ குறைந்தது 10,000 கோடி விண்மீன்கள் உள்ளன. இத்தனை குழிகள் தோண்டப்பட்ட காட்டில் ஒன்றில் தண்ணீர் வந்தது என்பதை மட்டும் வைத்து, தோண்டியவருக்கு நீரோட்டம் தெரியும் என்று முடிவு கட்ட இயலாது. அவருக்குத் தெரியாது என்றும் இதனால் ஆகிவிடாது. அந்த ஒரு போர் சான்றாகாது என்பதே இதன் பொருள்.

பூமியைப் பற்றிய கேள்வியையும் பேரண்டத்தின் விதிகளைப் பற்றிய கேள்வியையும் இந்த இடத்தில் பிரித்துவிடுங்கள். நம் உடலிலுள்ள கார்பன் விண்மீன்களின் உள்ளே உருவாக வேண்டுமானால், அதன் அணுக்கருவில் ஒரு குறிப்பிட்ட ஆற்றல் நிலை இருந்தே தீரவேண்டும் என்று வானியலாளர் ஃபிரெட் ஹாய்ல் 1953இல் கணித்தார்; ஆய்வுக்கூடத்தில் தேடியபோது, சுமார் 7.65 மில்லியன் எலெக்ட்ரான் வோல்ட் (அணு அளவில் ஆற்றலை அளக்கும் அலகு) என்னுமிடத்தில் அது இருந்தது. பேரண்டத்தை மேலும் மேலும் வேகமாக விரியச் செய்யும் மாறிலி மிகப் பெரிதாக இருந்திருந்தால் விண்மீன் மண்டலங்களே திரண்டிருக்க முடியாது என்று இயற்பியலாளர் ஸ்டீவன் வைன்பர்க் 1987இல் காட்டினார். இங்கே போர்க்குழி உவமை பாதிதான் செல்லும். வேறு விதிகளைக் கொண்ட வேறு பேரண்டங்களை எவரும் பார்த்ததில்லை. மூடப்பட்ட குழிகள் எங்கோ இருக்கலாம் என்பது ஓர் ஊகமே. அதே வேளையில், இந்த மாறிலிகள் வேறு எண்களாக இருந்திருக்கக்கூடுமா என்பதும் எவருக்கும் தெரியாததால், இது நேர்ந்திருக்க இத்தனை கோடியில் ஒரு வாய்ப்புத்தான் என்று சொல்கிறவரின் கணக்கிற்கும் அடிப்படை இல்லை. என் மதிப்பீட்டில், படைப்பவன் உண்டு என்போருக்கு இந்த இரண்டாவது கேள்வியில்தான் உண்மையான வலு இருக்கிறது. அங்கே பேச வேண்டியதைச் சூரியத் தொலைவில் செலவழித்துவிடுகிறார்கள்.

நம் மண்ணில் ஏற்கெனவே நடந்த வாதங்களையும் மேசையில் வையுங்கள். 13ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார் அருளிய சிவஞான போதத்தின் முதல் நூற்பா, உலகம் தோன்றி நின்று ஒடுங்குவதால் அதைச் செய்யும் ஒரு முதல்வன் உண்டு என்று நிறுவுகிறது. குடத்துக்கு மண் முதற்காரணம், தண்டசக்கரம் துணைக்காரணம், குயவன் நிமித்த காரணம் என்பது சைவர் காட்டும் உவமை. பூமி நமக்கு வசதியாக இருக்கிறது என்பதிலிருந்து அந்த வாதம் தொடங்கவே இல்லை; மாறும் எதுவும் அதற்குப் போதும், பாலைக் கோளும் போதும். பெருந்துறைக்கு அருகே விஜயமங்கலத்தில் இன்றும் கோயில் கொண்டிருக்கும் சமணமோ, உலகம் தொடக்கமற்றது, அதற்குப் படைப்பாளன் தேவையில்லை என்றது. கொங்கு நாடு இரண்டுக்கும் இடம் கொடுத்திருக்கிறது. ஆகவே மறுத்துப் பேசும் பிள்ளையை ஊருக்குப் புறம்பானவள் போல நடத்தாதீர்கள்.

இறுதியாக, எதைக் கண்டால் உங்கள் கருத்தை மாற்றிக்கொள்வீர்கள் என்று இரு தரப்பாரும் முன்கூட்டியே எழுதி வையுங்கள். வேற்றுக்கோளில் உயிர் கிடைத்தால் அருள் அங்கும் பரவியிருக்கிறது என்றும், கிடைக்காவிட்டால் பூமி தனிச்சிறப்புடையது என்றும் சொல்வதானால், தேடல் உங்கள் வாதத்தைத் தொடவே இல்லை. மறுப்பவரும் இரண்டு விடைகளையும் தமக்குச் சாதகமாகவே படிக்கலாம். வியாழனின் யூரோப்பா என்னும் நிலவின் பனிக்கட்டிக்கு அடியில் இருப்பதாகக் கருதப்படும் கடல் உயிர் வாழ ஏற்றதா என்று ஆராய, 2024 அக்டோபரில் நாசா அனுப்பிய யூரோப்பா கிளிப்பர் 2030இல் வியாழனை அடைய வேண்டும். அதற்கு முன்பே தேதியிட்டு எழுதிவிடுங்கள். பேத்தி தன் பக்கத்தைக் கால் மணி நேரத்தில் முடித்துவிட்டாள். என் பக்கத்தில் ஒரு வரியை இரண்டு முறை அடித்துத் திருத்த வேண்டியிருந்தது.