விமான விபத்து அறிக்கையை வாசிப்பது எப்படி: ஹீலியோஸ் 522-ஐ முன்வைத்து

பெரிய விமான விபத்து ஒன்று நடந்த சில நாட்களுக்குள் "விமானியின் தவறு" என்ற சொற்கள் செய்திகளில் நிலைபெற்றுவிடுகின்றன. ஓராண்டுக்குப் பிறகு விசாரணை அறிக்கை வெளியாகும்போது அதைத் தேடி வாசிப்பவர்கள் மிகக் குறைவு. பெரும்பாலான நாடுகளில் இந்த அறிக்கைகள் பொதுமக்களுக்கு இலவசமாகக் கிடைக்கின்றன. பொறியியல் பட்டம் இல்லாதவரும் அவற்றைப் பொறுமையாக வாசித்துப் புரிந்துகொள்ள முடியும். எந்தப் பகுதியை எந்தக் கேள்வியோடு அணுக வேண்டும் என்பது மட்டும் தெரிந்திருந்தால் போதும். அதை விளக்க 2005 ஆகஸ்ட் 14 அன்று கிரீஸில் வீழ்ந்த, சைப்ரஸ் நிறுவனமான ஹீலியோஸ் ஏர்வேஸின் 522 விமானத்தை எடுத்துக்கொள்கிறேன். 121 பேரின் உயிரைப் பறித்த அந்த விபத்தில் பொறுப்பு எத்தனை கைகளில் பரவிக் கிடக்கக்கூடும் என்பதை அதன் அறிக்கை தெளிவாகக் காட்டுகிறது.

முதலில் அறிக்கையின் நோக்கத்தை மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள். பன்னாட்டு சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் 13-ஆம் இணைப்பு, விசாரணையின் ஒரே நோக்கம் இனி விபத்து நேராமல் தடுப்பதே என்றும், பழி சுமத்துவது அதன் வேலை அல்ல என்றும் வரையறுக்கிறது. ஆகவே அறிக்கையில் ஒருவருடைய செயல் "காரணம்" என்று குறிப்பிடப்பட்டிருந்தால், அதைக் குற்றத் தீர்ப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

அடுத்து, மனித உடலைப் பற்றிய சில எண்கள் தேவைப்படும். விமானம் எவ்வளவு உயரத்தில் பறந்தாலும், உள்ளே இருக்கும் காற்றழுத்தம் ஏறத்தாழ 8,000 அடி உயரமுள்ள மலையில் இருப்பதைவிடக் குறையாமல் பார்த்துக்கொள்ளப்படுகிறது. அழுத்தம் முற்றிலும் போய்விட்டால், ஆக்சிஜன் முகமூடி இல்லாத ஒருவர் 25,000 அடியில் சுமார் மூன்று முதல் ஐந்து நிமிடங்களும், 35,000 அடியில் அரை நிமிடம் முதல் ஒரு நிமிடமும் மட்டுமே பயனுள்ள முறையில் செயல்பட முடியும். ஆக்சிஜன் பற்றாக்குறை முதலில் தாக்குவது தீர்மானிக்கும் திறனைத்தான். பாதிக்கப்பட்டவர் மூச்சுத் திணறித் தவிப்பதில்லை. எல்லாம் சரியாக இருப்பதாகவே உணர்கிறார். இதை மறந்துவிட்டு வாசித்தால், விமானிகள் ஏன் இப்படி நடந்துகொண்டார்கள் என்ற கோபம் வாசிப்பைத் திசைதிருப்பிவிடும்.

இனி நிகழ்வுகளின் வரிசைக்கு வரலாம். இப்பகுதியை ஒரு தாளில் நேரவாரியாகக் குறித்துக்கொண்டே வாசியுங்கள். முந்தைய இரவு லண்டனிலிருந்து சைப்ரஸின் லார்னகா வந்திறங்கிய அந்த போயிங் 737-300-இன் பின்பக்கக் கதவு குறித்துப் பணியாளர்கள் புகார் எழுதியிருந்தனர். கதவில் கசிவு இருக்கிறதா என்று சோதிக்க, பராமரிப்புப் பொறியாளர் அழுத்தக் கட்டுப்பாட்டுத் திருகியை "ஆட்டோ" நிலையிலிருந்து "மேனுவல்" நிலைக்கு மாற்றினார். ஆட்டோ நிலையில் உள்ளே இருக்கும் அழுத்தத்தை அமைப்பே சீராக்கிக்கொள்ளும்; மேனுவல் நிலையில் அதை விமானியே கையால் செய்ய வேண்டும். சோதனை முடிந்த பின் திருகி திருப்பி வைக்கப்படவில்லை. காலையில் வந்த விமானிகள் பறப்புக்கு முந்தைய ஆயத்தத்திலும், எஞ்சினை இயக்குவதற்கு முன்பும், மேலெழுந்த பிறகும் என மூன்று கட்டங்களில் அதைக் கவனிக்கத் தவறினர். மேனுவல் நிலையைக் காட்டும் விளக்கின் நிறம் பச்சை என்பதை இவ்விடத்தில் அடிக்கோடிடுங்கள். விமானியறையில் பச்சை என்பது எச்சரிக்கையின் நிறம் அல்ல.

விமானம் 12,000 அடியைத் தாண்டியபோது எச்சரிக்கை ஒலி எழுந்தது. அந்த ஒலி கேபின் அழுத்தம் குறைவதையும் குறிக்கும், மேலெழுவதற்கு விமானம் சரியான அமைப்பில் இல்லை என்பதையும் குறிக்கும். இரண்டுக்கும் ஒரே ஒலிதான். இரண்டாவது எச்சரிக்கை தரையில் மட்டுமே ஒலிக்கக்கூடியது. ஆனால் விமானிகள் அதையே நினைத்துக்கொண்டனர். விமானம் ஏறிக்கொண்டே இருந்தது. பின்னால் பயணிகளின் தலைக்கு மேல் முகமூடிகள் விழுந்தபோது, முன்னால் பொது எச்சரிக்கை விளக்கும் எரிந்தது. அதே வேளையில் கருவிகளைக் குளிர்விக்கும் அமைப்பின் விளக்கும் எரிந்ததால் அவர்களுடைய கவனம் முழுதும் அங்கே சென்றது. கேப்டன் நிறுவனத்தின் தரைச் செயற்பாட்டு மையத்தோடு அதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார். 28,900 அடியைக் கடக்கும்போது அந்தப் பேச்சு நின்றுபோனது. தானியங்கி அமைப்பு விமானத்தை 34,000 அடியில் நிலைநிறுத்தி, செல்ல வேண்டிய ஏதென்ஸின் அருகே கொண்டுசென்று வட்டமிட வைத்தது.

கிரேக்க விமானப்படையின் எஃப்-16 விமானிகள் அருகில் பறந்து பார்த்தபோது, கேப்டனின் இருக்கை காலியாக இருந்தது. துணை விமானி சாய்ந்து கிடந்தார். 11:49-க்கு ஒருவர் விமானியறைக்குள் வந்து கேப்டனின் இருக்கையில் அமர்ந்தார். கையடக்க ஆக்சிஜன் உருளைகளைக் கொண்டு நினைவோடு இருந்ததாகக் கருதப்படும் விமானப் பணியாளர் அவர். "மேடே" என்ற ஆபத்து அழைப்பை அவர் விடுத்தது ஒலிப்பதிவில் இருக்கிறது. அது எந்த நிலையத்தையும் எட்டவில்லை. எரிபொருள் தீர்ந்து எஞ்சின்கள் ஒவ்வொன்றாக நின்றன. 12:03-க்கு விமானம் கிரமாட்டிகோ அருகே மலைச்சரிவில் மோதியது.

குறிப்பெடுத்து முடித்ததும், ஒவ்வொரு நிகழ்வின் அருகிலும் "இதை இங்கே யார், எதைக் கொண்டு தடுத்திருக்க முடியும்" என்று எழுதுங்கள். இந்த வழிகாட்டியில் நான் மிகவும் வலியுறுத்துவது இதைத்தான். திருகிக்கு அருகில் பொறியாளரும் விமானிகளும் இடம்பெறுவார்கள். ஒலிக்கு அருகில் வடிவமைத்த நிறுவனமும் அதற்குச் சான்றளித்த அமைப்பும் இடம்பெறும். முகமூடி விழுந்த பிறகும் விமானம் இறங்காமல் ஏறுவதைக் கண்ட பணியாளர்கள் என்ன செய்ய வேண்டும் என்பதற்கு அருகில், விமான நிறுவனத்தின் பயிற்சித் துறை இடம்பெறும்.

அதன்பின் அறிக்கையின் முடிவுகளைத் திறந்து, உங்கள் பட்டியலோடு ஒப்பிடுங்கள். 2006-இல் வெளியான கிரேக்க அறிக்கை காரணங்களை அடுக்குகளாகப் பிரிக்கிறது. திருகியின் நிலையைக் காணாதது, எச்சரிக்கைகளை இனங்காணாதது, ஆக்சிஜன் பற்றாக்குறையால் விமானிகள் செயலிழந்தது ஆகியவை நேரடிக் காரணங்கள். மறைந்திருந்த காரணங்களாக அது சுட்டுவன வேறு: நிறுவனத்தின் நிர்வாகத்திலும் பாதுகாப்புப் பண்பாட்டிலும் இருந்த குறைகள், சைப்ரஸ் ஒழுங்குமுறை அமைப்பு நெடுங்காலம் கண்காணிப்பைச் சரிவரச் செய்யாதது, முந்தைய அழுத்தக் கோளாறுகளுக்குப் பின் தயாரிப்பாளர் எடுத்த நடவடிக்கைகள் பயனளிக்காதது. செய்திகள் பெரும்பாலும் முதல் அடுக்கோடு நின்றுவிடுகின்றன. இரண்டாம் அடுக்கில் இருப்பவர்களுக்குச் சிந்திக்கப் போதிய நேரமும் ஆக்சிஜனும் இருந்தன என்பதால், அவர்களுடைய பொறுப்பே கனமானது என்பது என் உறுதியான கருத்து.

சான்றுகளின் எல்லையையும் கவனியுங்கள். அவ்விமானத்தின் குரல் பதிவுக் கருவி கடைசி 30 நிமிடங்களை மட்டுமே வைத்திருந்தது. எச்சரிக்கை ஒலித்தபோது விமானிகள் தமக்குள் பேசிக்கொண்டவை அதில் இல்லை. சில சமயம் சான்றே எஞ்சுவதில்லை. 1999-இல் கோல்ஃப் வீரர் பெய்ன் ஸ்டூவர்ட் உட்பட ஆறு பேர் இறந்த லியர்ஜெட் சிறு விமான விபத்தில், அழுத்தம் ஏன் போனது என்பதைக் கண்டறிய முடியவில்லை என்றே அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் எழுதியது. ஊகத்தால் இடைவெளியை நிரப்பாத அறிக்கையை நம்பலாம்.

நீதிமன்றத் தீர்ப்புகளைத் தனியாக வாசியுங்கள். ஹீலியோஸ் வழக்கில் சைப்ரஸ் நீதிமன்றம் 2011-இல் நிறுவனத்தையும் அதிகாரிகளையும் விடுவித்தது. ஏதென்ஸ் நீதிமன்றமோ 2012-இல் நால்வரைக் குற்றவாளிகள் என்றது. மேல்முறையீட்டில் ஒருவர் விடுவிக்கப்பட, மற்ற மூவரின் பத்தாண்டுத் தண்டனை உறுதியானது. பணம் செலுத்திச் சிறையைத் தவிர்க்கவும் வழி தரப்பட்டது. ஒரே விபத்தில் இரு நாடுகள் எதிரெதிர் முடிவுக்கு வந்ததால் அறிக்கை பொய் என்று ஆகிவிடாது. ஒரு குறிப்பிட்ட மனிதரின் கவனக்குறைவுக்கும் மரணத்துக்கும் நேரடித் தொடர்பு உண்டா என்பதே நீதிமன்றத்தின் கேள்வி. ஆனால் அந்தத் தண்டனை குடும்பங்களுக்கு ஆறுதல் தந்திருக்கும் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இறுதியாகப் பரிந்துரைகளின் பட்டியலை எடுத்து, ஒவ்வொன்றும் எப்போது நிறைவேறியது என்று தேடுங்கள். பழைய 737 வகைகளில் அழுத்தக் குறைவுக்கும் மேலெழும் அமைப்புக்கும் தனித்தனி எச்சரிக்கை விளக்குகள் பொருத்த வேண்டும் என்ற அமெரிக்க ஆணை 2011-இல்தான் வந்தது. 2018 செப்டம்பர் 20 அன்று மும்பையிலிருந்து ஜெய்ப்பூர் கிளம்பிய ஜெட் ஏர்வேஸ் 737-இல், எஞ்சினிலிருந்து கேபினுக்குக் காற்றைத் தரும் பொத்தான்கள் இயக்கப்படவில்லை. பயணிகள் சிலருக்கு மூக்கிலும் காதிலும் இரத்தம் வடிந்தது. விமானம் உடனே திரும்பியதால் அனைவரும் உயிர் பிழைத்தனர். இந்திய விபத்து விசாரணைப் பிரிவின் அந்த அறிக்கையை ஹீலியோஸ் அறிக்கையோடு அருகருகே வைத்து, இதே கேள்விகளோடு வாசித்துப் பாருங்கள்.