கேமைத் தடுத்த முக்காற்புள்ளி

விண்டோஸிலிருந்து லினக்ஸ் மிண்டுக்கு மாறியபோது, 80 ஜிபி கேம்களை மறுபடி டவுன்லோட் செய்ய மனம் வரவில்லை. அவை இருந்த பழைய என்டிஎஃப்எஸ் (விண்டோஸின் கோப்பு முறை) பார்டிஷனையே, அதாவது டிஸ்க்கின் அந்தப் பகுதியையே, ஸ்டீம் என்ற கேம் செயலியில் சேர்த்துவிட்டேன். சோம்பேறித்தனம்தான். பிளே பட்டனை அழுத்தினால் 3 நொடி ஓடுவதுபோல் பாவனை, அப்புறம் பழையபடி பிளே. பிழைச்செய்தி எதுவும் இல்லை. கிராபிக்ஸ் டிரைவர்தான் காரணம் என்று நானே முடிவுகட்டி அதை இரண்டு தடவை மாற்றியது தனிக்கதை.

டெர்மினலிலிருந்து (கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் சாளரம்) ஸ்டீமைத் திறந்து பார்த்தபோதுதான் விஷயம் பிடிபட்டது. 2018 முதல் ஸ்டீமோடு வரும், விண்டோஸ் கேம்களை லினக்ஸில் ஓடவைக்கும் புரோட்டான், ஒவ்வொரு கேமுக்கும் 'காம்ப்டேட்டா' ஃபோல்டருக்குள் ஒரு குட்டி விண்டோஸையே கட்டி வைக்கிறது. அதில் 'சி:' என்ற பெயரில் ஒரு இணைப்பு வேண்டும். ஃபைல் பெயரில் முக்காற்புள்ளி (:) வந்தால் விண்டோஸுக்கு ஆகாது. என் பார்டிஷனும் அதே விதியோடுதான் லினக்ஸில் மவுண்ட் ஆகி (இணைக்கப்பட்டு) இருந்தது; அதனால் அந்த இணைப்பை உருவாக்க முடியவில்லை.

சரி என்று காம்ப்டேட்டாவை மட்டும் ஹோம் ஃபோல்டருக்கு நகர்த்தி, பழைய இடத்தில் புது இடத்தைக் கைகாட்டும் ஒரு சிம்லிங்க் வைத்தேன். கேம் திறந்துகொண்டது! பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லாவற்றையும் லினக்ஸின் சொந்தக் கோப்பு முறையான எக்ஸ்ட்4-க்கே மாற்றிவிட்டேன். ஆன்டி-சீட் (விளையாட்டில் ஏமாற்றுவதைத் தடுக்கும் மென்பொருள்) உள்ள சில ஆன்லைன் கேம்கள் மட்டும் இன்னும் ஓடுவதில்லை. எனக்குக் கவலையில்லை, தம்பிதான் முறைக்கிறான்.