கிளைச் சங்கத் தேர்தலில் நிற்கப் போகிறீர்களா? தவிர்க்க வேண்டிய தவறுகள்

காரைக்குடி நகராட்சி 2024இல் மாநகராட்சி ஆனது. கோட்டையூர், கண்டனூர் பேரூராட்சிகளும் பக்கத்து ஊராட்சிகள் சிலவும் அதோடு சேர்ந்தன. அதுவரை தனித்தனி ஆபீஸில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தவர்கள் ஒரே நிர்வாகத்தின் கீழ் வந்தார்கள். பணிமூப்பில் யாருக்கு முன்னால் யார், எந்த வார்டுக்கு எத்தனை பேர் என்ற கேள்விகள் கிளம்புகிற நேரம் இது. சங்கத்துக்கு நல்ல தலைமை தேவைப்படுகிற நேரமும் இதுதான். மாநகராட்சியில் மட்டுமில்லை, தேவகோட்டை, திருப்பத்தூர் தாலுகா ஆபீஸ்களிலும், அரசுப் போக்குவரத்துக் கழகத்தின் காரைக்குடி மண்டல டிப்போக்களிலும், மின்வாரியப் பிரிவு அலுவலகங்களிலும் இளையவர்கள் சிலர் "இந்தத் தடவை நாம நிக்கலாமா?" என்று யோசிக்கிறார்கள். தாராளமாக நில்லுங்கள். நிற்பதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள்.

தேர்தலில் ஜெயிப்பது ஒன்று. ஜெயித்த மறுநாள் அதிகாரியின் மேஜைக்கு எதிரே உட்கார்ந்து, மொத்த உறுப்பினர்களின் சார்பாகவும் பேசும் பலத்தோடு இருப்பது இன்னொன்று. நான் பார்த்த தவறுகளில் பெரும்பாலானவை, முதலாவதற்காக இரண்டாவதை அடகு வைத்தவை.

எந்தச் சட்டத்தின் கீழ் இருக்கிறோம் என்று தெரியாமல் நிற்பது

'சங்கம்' என்று எல்லாவற்றையும் ஒரே பெயரில் சொல்கிறோம். டிப்போவில் இருப்பது தொழிற்சங்கம். அது 1926ஆம் ஆண்டின் தொழிற்சங்கச் சட்டப்படி பதிவானது. 2025 நவம்பர் 21 முதல் அந்தச் சட்டத்தின் இடத்தில் தொழிலுறவுச் சட்டத் தொகுப்பு நடைமுறைக்கு வந்திருக்கிறது. தாலுகா ஆபீஸில் இருப்பது அரசு ஊழியர் அமைப்பு. அதன் உறுப்பினர் ஒவ்வொருவரையும் 1973ஆம் ஆண்டின் தமிழ்நாடு அரசுப் பணியாளர் நடத்தை விதிகள் கட்டுப்படுத்துகின்றன. டிப்போ வாசலில் ஒருவர் பேசியதைக் கேட்டுவிட்டு, அதே பேச்சைத் தாலுகா ஆபீஸ் வாசலில் பேசினால் 17(ஆ) குறிப்பாணை, அதாவது கடும் தண்டனை வரை போகக்கூடிய ஒழுங்கு நடவடிக்கைக் குற்றச்சாட்டு, வீடு தேடி வரும்.

சங்கத்தின் விதிமுறைப் புத்தகத்தை முழுதாகப் படித்த வேட்பாளர்கள் மிகக் குறைவு. பதவிக்காலம் எவ்வளவு, எத்தனை நாள் முன்னறிவிப்பு, யார் முன்மொழியலாம், சந்தா எத்தனை மாதம் பாக்கி இருந்தால் ஓட்டு கிடையாது, எல்லாம் அதில் இருக்கும். வெளியாள் கணக்கும் முக்கியம். அந்த நிறுவனத்தில் வேலை பார்க்காதவர்கள் நிர்வாகிகளில் மூன்றில் ஒரு பங்கு அல்லது ஐந்து பேர், இதில் எது குறைவோ அதற்கு மேல் இருக்கக்கூடாது என்று 1926 சட்டம் சொன்னது. ஓய்வு பெற்றவரை அது வெளியாளாகக் கருதவில்லை. இது தெரியாமல் ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவரின் வேட்புமனுவை எதிர்த்துச் சண்டை கட்டினால், தோற்பதோடு அவர் பெயரில் இருக்கும் மரியாதையும் உங்களுக்கு எதிராகத் திரும்பும்.

உறுப்பினர் பட்டியலைக் கடைசி வாரத்தில் கேட்பது

என்னைக் கேட்டால், இதைவிடப் பெரிய தவறு கிடையாது. தட்டி எழுதி, நோட்டீஸ் அடித்து, கேட் மீட்டிங் போட்டு முடித்த பிறகுதான் பலர் பட்டியலைக் கேட்கிறார்கள். அப்போது பார்த்தால், இடமாறுதலில் சிவகங்கை போனவர் பெயர் அப்படியே இருக்கும். போன வருஷம் சேர்ந்த இளைஞர்கள் பெயர் இருக்காது. சந்தா கொடுத்தவரிடம் ரசீது இருக்கும், பதிவேட்டில் வரவு இருக்காது. தேர்தலுக்கு நான்கு நாள் முன்னால் இதைக் கிளப்பினால் 'தோல்வி பயத்தில் தகராறு செய்கிறான்' என்றுதான் எல்லாரும் சொல்வார்கள்.

பட்டியலையும் கணக்குப் புத்தகத்தையும் பார்ப்பது உறுப்பினரின் உரிமை. அறிவிப்பு வருவதற்கு நான்கைந்து மாதம் முன்பே எழுத்து மூலமாகக் கேட்டு வாங்குங்கள். ஒவ்வொரு பிரிவாகப் போய் ஒவ்வொரு பெயரையும் சரிபாருங்கள். நீங்கள் செய்யக்கூடிய சிறந்த பிரச்சாரமே அதுதான். பெயர் விட்டுப்போன ஒருவருக்கு விண்ணப்பம் எழுதிக் கொடுத்து, அது பதிவேட்டில் ஏறும்வரை பின்தொடர்ந்தால், நீங்கள் என்ன மாதிரி ஆள் என்பதை அவர் தெரிந்துகொள்வார். நோட்டீஸில் எழுதிச் சொல்ல வேண்டியதில்லை.

பாக்கிச் சந்தாவை வேட்பாளரே மொத்தமாகக் கட்டி ஓட்டு சேர்க்கும் வழக்கம் சில இடங்களில் உண்டு. அதைச் செய்யவே செய்யாதீர்கள். சந்தா என்பது அவரவர் கையிலிருந்து வர வேண்டிய பணம். அதை நீங்கள் கட்டினால், அவர் சங்கத்தின் உறுப்பினராக இல்லாமல் உங்கள் ஆளாக ஆகிவிடுகிறார்.

கிளையால் முடியாததை வாக்குறுதியாகக் கொடுப்பது

2003 ஏப்ரல் 1 முதல் பணியில் சேர்ந்தவர்கள் பங்களிப்பு ஓய்வூதியத் திட்டத்தில் சேர்க்கப்பட்டார்கள். 'பழைய பென்ஷனை வாங்கித் தருவேன்' என்று ஒரு கிளைத் தலைவர் வேட்பாளர் நோட்டீஸ் அடித்தால் என்ன அர்த்தம்? அந்த முடிவு கோட்டையில் எடுக்கப்படுவது. போக்குவரத்துக் கழக ஊதிய ஒப்பந்தமும் சென்னையில் பேசி முடிக்கப்படுவது. மாநிலப் போராட்டத்தில் நம் கிளை முழு பலத்தோடு நிற்கும் என்று நீங்கள் சொல்லலாம், சொல்லவும் வேண்டும். 'வாங்கித் தருவேன்' என்று சொன்னால் அது பொய். கேட்கிறவருக்கும் அது தெரியும்.

கிளையால் என்ன முடியும் என்று உட்கார்ந்து எழுதிப் பாருங்கள். அது நீளமான பட்டியல். தள்ளிப்போன ஊதிய உயர்வு. வருடக்கணக்கில் சரிபார்க்காமல் கிடக்கும் பணிப்பதிவேடு. ஓய்வறையில் மின்விசிறி, பெண்களுக்குத் தனிக் கழிப்பறை. சித்திரை வெயிலில் மதியம் இரண்டு மணிக்குக் குப்பை வண்டி தள்ளுகிறவருக்கு வேலை நேர மாற்றம். துப்புரவுப் பணியாளருக்குக் கையுறை, காலுறை. ஒருதலைப்பட்சமாகப் போடப்படும் டூட்டி. குறிப்பாணை வாங்கியவருக்கு விளக்கம் எழுத உதவி.

இன்னொன்றைத் தனியாகச் சொல்ல வேண்டும். பணியில் இருக்கும்போது ஒருவர் இறந்தால், கருணை அடிப்படையில் வேலை கேட்கும் விண்ணப்பத்தை மூன்று ஆண்டுக்குள் கொடுக்க வேண்டும். கணவரை இழந்த பெண், துக்கத்திலும் கடனிலும் இருப்பவர், இந்தக் கெடு தெரியாமல் நாளைக் கடத்திவிடுகிறார். பிள்ளை படிப்பை முடிக்கட்டும் என்று காத்திருக்கிறார். மாலை போட்டு, கண்ணீர் அஞ்சலித் தட்டி வைத்து, அதோடு மறந்துவிடும் சங்கங்களைப் பார்த்து மனம் கொதித்திருக்கிறது. வாரிசுச் சான்றிதழிலிருந்து விண்ணப்பம் பதிவாகும் வரை கூடவே நடக்கிறவர்தான் தலைவர். உங்கள் ஆபீஸில் அப்படி ஒரு குடும்பம் இருக்கிறதா என்று இன்றைக்கே விசாரியுங்கள், தேர்தலில் நின்றாலும் நிற்காவிட்டாலும்.

சாதிக் கணக்கும் ஊர்க் கணக்கும்

நம் பக்கத்தில் இதைப் பேசாமல் தேர்தலைப் பற்றிப் பேச முடியாது. வேட்பாளர் பட்டியல் தயாராகும்போதே 'அவங்க ஆளு எத்தனை, நம்ம ஆளு எத்தனை' என்ற கணக்கு வந்துவிடுகிறது. அந்தக் கணக்கில் ஜெயித்தவர், துப்புரவுப் பிரிவில் ஒரு பெண்ணை மேற்பார்வையாளர் சாதி சொல்லித் திட்டினார் என்று புகார் வரும்போது யார் பக்கம் நிற்பார்? ஓட்டுப் போட்டவர்களின் பக்கம் நிற்கச் சொல்லி அவரை இழுப்பார்கள். அன்றைக்குச் சங்கம் செத்துவிடும்.

சேரன்மாதேவி குருகுலத்தில் சாதி பார்த்துப் பந்தி பிரித்ததை ஏற்காமல் வெளியேறிய ஜீவா, பிறகு காரைக்குடிக்குப் பக்கத்தில் சிராவயலில்தான் ஆசிரமம் நடத்தினார். 1927இல் காந்தி அங்கே வந்து அவரைச் சந்தித்தார். தமிழ்நாட்டுத் தொழிற்சங்க இயக்கத்தின் பெரிய தலைவர்களில் ஒருவராக வளர்ந்தவர், நம் மண்ணில் நடந்து போனவர். இதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்கிற நாம், நம் கிளைத் தேர்தலில் சாதிக் கணக்குப் போடக்கூடாது.

கட்சி விஷயம் கொஞ்சம் வேறு. தொமுச, சிஐடியு, ஏஐடியுசி, அண்ணா தொழிற்சங்கம் என்று டிப்போவில் கொடிகள் பறப்பது இயல்பு. அங்கே கொள்கையோடு நிற்பதில் தவறில்லை. ஆனால் அரசு ஊழியர் அரசியல் கட்சியில் சேரவோ அதற்கு வேலை செய்யவோ நடத்தை விதி இடம் தரவில்லை. உள்ளூர்க் கட்சிப் பிரமுகரிடம் போய் ஆதரவு கேட்டு, அவரோடு நின்று படம் எடுத்துப் போடும் வேட்பாளர் தனக்குத்தானே குழி வெட்டுகிறார்.

'போட்டியின்றி' என்ற பெருமைக்கு ஆசைப்படுவது

ஊர்க் கூட்டத்தில் நாலு பெரியவர்கள் பேசி ஒருவரை நிறுத்தும் பழக்கம் நமக்கு உண்டு. அதே பழக்கத்தில் 'எதுக்குப்பா போட்டி, பேசி முடிச்சிருவோம்' என்று எதிர் வேட்பாளரை வாபஸ் வாங்க வைப்பார்கள். வெளியிலிருந்து பார்த்தால் ஒற்றுமை. உள்ளே, வாபஸ் வாங்கியவரும் அவர் கூட இருந்தவர்களும் மனத்தாங்கலோடு ஒதுங்கி நிற்பார்கள். ரகசிய ஓட்டெடுப்பு நடக்கட்டும். 140க்கு 60 என்று ஜெயித்தால், அந்த 60 பேருக்கு என்ன குறை என்று உங்களுக்குத் தெரிய வரும். போட்டியே இல்லாமல் வந்தவருக்கு அது தெரிய வழியில்லை.

தேர்தலை நடத்துபவர் உங்கள் கிளைக்காரராக இருக்க வேண்டாம். வேறு கிளையிலிருந்து, இரண்டு தரப்பும் ஏற்கிற ஒருவரைக் கேளுங்கள்.

கூட்டத்துக்கு வர முடியாதவர்களை மறப்பது

மாலை ஏழு மணிக்குக் காரைக்குடியில் கூட்டம் போட்டால், தேவகோட்டையிலிருந்தும் திருப்பத்தூரிலிருந்தும் வேலைக்கு வரும் பெண்கள் எப்படி இருப்பார்கள்? வீட்டுக்குப் போய் அடுப்பு மூட்ட வேண்டியவர்கள் அவர்கள். மதிய உணவு இடைவேளையில் அவர்கள் இருக்கும் இடத்துக்கு நீங்கள் போங்கள். ஓட்டுக் கேட்டுவிட்டு நிறுத்தாமல், உங்கள் அணியில் பொருளாளர், செயலாளர் மாதிரி பொறுப்பான இடங்களுக்குப் பெண்களை நிறுத்துங்கள். 'மகளிர் அணி' என்று ஒரு ஓரத்தில் உட்கார வைப்பது போதாது.

டிப்போவில் இன்னும் சிக்கல். அதிகாலை முதல் செட்டில் போகிற ஓட்டுநரை இரவு வரை பார்க்க முடியாது. குன்றக்குடி பங்குனி உத்திரம், பிள்ளையார்பட்டி சதுர்த்தி, பொங்கலையொட்டிய சிராவயல் மஞ்சுவிரட்டு என்று சிறப்புப் பேருந்து ஓடும் நாள்களை ஒட்டி ஓட்டெடுப்பு வைத்தால் பாதிப் பேர் ரோட்டில் இருப்பார்கள். தேதி குறிக்கும்போதே இதைச் சொல்லிவிட வேண்டும்.

ஒப்பந்தத் துப்புரவுப் பணியாளர்களுக்குப் பல சங்கங்களில் ஓட்டு இல்லை. ஓட்டு இல்லாதவர்களிடம் எதற்குப் பேச வேண்டும் என்று வேட்பாளர்கள் நினைக்கிறார்கள். அதே தெருவில் அதே குப்பையை அள்ளுகிறவர்கள் அவர்கள். நிரந்தரப் பணியிடங்கள் ஒப்பந்தமாக மாறமாற, உங்கள் சங்கத்தின் எண்ணிக்கை கரைந்துகொண்டே போகும். அவர்களைச் சேர்க்க விதியில் இடம் இருக்கிறதா, இல்லையென்றால் விதியைத் திருத்தப் பொதுக்குழுவில் தீர்மானம் கொண்டுவருவீர்களா என்பதை வெளிப்படையாகச் சொல்லுங்கள்.

விருந்தும் வாட்ஸ்அப்பும்

சாப்பாட்டுக்குப் பேர் போன ஊர் நம்முடையது. அதற்காக லாட்ஜில் ரூம் போட்டு, பிரியாணியும் பாட்டிலும் வைத்து ஓட்டுக் கேட்பதா? அந்தப் பணம் யார் கொடுத்தது என்று கேட்டால் பதில் சொல்ல முடிய வேண்டும். காண்டிராக்டர் கொடுத்தார் என்றால் கதை அங்கேயே முடிந்தது.

வாட்ஸ்அப் குழுவில் எதிராளியைப் பற்றி இரவு பதினொரு மணிக்கு எழுதியது, காலையில் மேலதிகாரியின் போனில் இருக்கும். ஆபீஸ் நேரத்தில், ஆபீஸ் கம்ப்யூட்டரில், ஆபீஸ் பேப்பரில் பிரச்சார வேலை எதையும் செய்யாதீர்கள்.

ஸ்டிரைக் பேச்சு

கைதட்டல் வாங்க இதைவிட எளிய வழி இல்லை. 2003 ஜூலையில் தமிழ்நாட்டில் வேலைநிறுத்தம் செய்த அரசு ஊழியர், ஆசிரியர்களில் சுமார் 1.7 லட்சம் பேர் 'டெஸ்மா' எனும் தமிழ்நாடு அத்தியாவசியப் பணிகள் பராமரிப்புச் சட்டத்தின் கீழ் ஒரே அடியாக வேலைநீக்கம் செய்யப்பட்டார்கள். ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம், அரசு ஊழியருக்கு வேலைநிறுத்தம் அடிப்படை உரிமை இல்லை என்று தீர்ப்புச் சொன்னது. மன்னிப்புக் கேட்டு எழுதிக் கொடுத்துத்தான் பெரும்பாலானோர் திரும்பி வந்தார்கள். அந்த மாதங்களில் நகையை அடகு வைத்த குடும்பங்கள் நம் தெருக்களில் இன்றும் இருக்கின்றன. டிப்போத் தொழிலாளர்களுக்கும் புதிய தொழிலுறவுச் சட்டத் தொகுப்பின்படி 14 நாள் முன்னறிவிப்பு கட்டாயம்.

போராட்டம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. உரிமைகளெல்லாம் போராடித்தான் வந்தன. ஆனால் கோரிக்கை மனு, ஆர்ப்பாட்டம், தர்ணா என்று படிப்படியாக ஆளைச் சேர்த்துப் போகத் தெரியாதவர், முதல் மேடையிலேயே ஸ்டிரைக் என்று முழங்கினால், மாதச் சம்பளத்தை நம்பியிருக்கும் மூத்தவர்கள் பயந்து ஒதுங்குவார்கள்.

தோற்ற பிறகும் ஜெயித்த பிறகும்

தோற்றவர் செய்யும் தவறு, அடுத்த மாதமே தனிச் சங்கம் தொடங்குவது. புதிய தொகுப்பின்படி ஒரு நிறுவனத்தில் பல சங்கங்கள் இருந்தால், 51 சதவீதத் தொழிலாளர்களின் ஆதரவு உள்ள சங்கத்துக்கே பேச்சுவார்த்தை உரிமை. யாருக்கும் அந்த அளவு இல்லையென்றால், குறைந்தது 20 சதவீத ஆதரவுள்ள சங்கங்கள் மட்டும் சேர்ந்த பேச்சுவார்த்தைக் குழு. அறுபது பேரைப் பிரித்துக்கொண்டு போனால் உங்களுக்கும் இடம் கிடைக்காமல் போகலாம், விட்டுவந்த சங்கத்தின் இடமும் போய்விடலாம். செயற்குழுவுக்குள்ளேயே இருந்து கேள்வி கேளுங்கள்.

ஜெயித்தவர் மாலையைக் கழற்றியதும் மூன்று வேலைகளைச் செய்ய வேண்டும். பழைய நிர்வாகிகளிடமிருந்து ரசீதுப் புத்தகம், வங்கிக் கணக்கு, மினிட்ஸ் புத்தகம் எல்லாவற்றையும் பட்டியல் போட்டு, இரு தரப்புக் கையெழுத்தோடு வாங்குவது. நிர்வாகிகள் மாறிய விவரத்தைப் பதிவாளருக்கும் துறைத் தலைமைக்கும் எழுத்தில் அனுப்புவது. இதைத் தள்ளிப்போட்டால், 'உங்களில் யார் சங்கம் என்று முடிவு செய்துகொண்டு வாருங்கள்' என்று அதிகாரி கதவைச் சாத்திவிடுவார். மூன்றாவது, முதல் செயற்குழுக் கூட்டத்துக்குத் தோற்ற வேட்பாளரை நேரில் போய் அழைத்து, அவர் நோட்டீஸில் எழுதியிருந்த கோரிக்கைகளில் நியாயமான ஒன்றை அன்றைய நிகழ்ச்சி நிரலில் சேர்ப்பது.