கடன் கொப்பியில் இருந்து ஒரு செயலி

களுவாஞ்சிகுடியில் என் மாமியின் கடையில் ஒரு கடன் கொப்பி இருக்கிறது, மூலையெல்லாம் எண்ணெய் ஊறி, யார் எவ்வளவு சீனி எடுத்தார் என்பது அவருக்கு மட்டும் விளங்குகிற எழுத்தில். மொபைல் ஆப் செய்யப் பழக வேண்டும், எங்கே தொடங்குவது என்று கேட்கிற பிள்ளைகளிடம் நான் சொல்வது, யூடியூப்பை மூடிவிட்டு உங்கள் வீட்டுப் பக்கத்தில் இப்படி ஒரு கொப்பியைத் தேடிப் பிடியுங்கள் என்றுதான். யாருக்காகச் செய்கிறோம் என்று தெரியாமல் செய்த ஆப் நான்கு என் லேப்டொப்பிலேயே கிடந்து செத்தன.

சாமான் அதிகம் தேவையில்லை. ஆப் கட்டுகிற மென்பொருளான அன்ட்ராய்ட் ஸ்டூடியோவுக்குக் குறைந்தது 8 ஜிபி ரேம் வேண்டும், டவுன்லோடு மட்டுமே ஒரு ஜிபிக்கு மேல் போகும், பிறகு முதல் புரொஜெக்டைத் திறந்ததும் அது இன்னும் எதையெதையோ இழுக்கும், ஆகவே இரவு டேட்டா இருக்கிற நாளாகப் பார்த்து இறக்குங்கள். எமுலேட்டர், அதாவது கம்பியூட்டருக்குள் ஓடுகிற போலிப் போன், அதன் பக்கம் போகவே வேண்டாம், 8 ஜிபி மெஷினை அது மூச்சுத் திணற வைக்கும். போனில் செட்டிங்ஸ் போய் பில்ட் நம்பரை 7 தடவை தட்டினால் டெவலப்பர் ஒப்ஷன்ஸ் திறக்கும், அதில் யூஎஸ்பி டிபக்கிங்கைப் போட்டு கேபிளைச் செருகினால் சரி, எழுதுகிற ஆப் நேரே போனிலேயே ஓடும். பழைய, திரை கீறின போன் என்றால் இன்னும் நல்லது, கடையில் இருப்பதும் அதுதானே.

கோட் எழுதுகிற மொழி கொட்லின். 2019 இல் இருந்து கூகுளே அதைத்தான் முதலில் வைக்கிறது, திரை வரைய ஜெட்பேக் கம்போஸ். ஐபோனுக்கும் சேர்த்து வேண்டும் என்றால் ஃப்ளட்டர் இருக்கிறது, ஆனால் ஐபோன் ஆப்பைக் கட்ட மேக் வேண்டும், அதனால் அதைப் பிறகு பார்க்கலாம். எது நல்லது என்று ஒரு மாதம் வாதாடுகிறவர்களோடு சேராதீர்கள்.

இனி கோட் எழுதாமல் கடையில் ஒரு பின்னேரம் இருங்கள். நான் செய்த முதல் திரையில் பெயர், பொருள், அளவு, விலை, திகதி, சேமி என்று ஆறு இடம் இருந்தது. மாமி ஒரு கையில் பருப்புச் சுண்டை வைத்துக்கொண்டு மற்றக் கைப் பெருவிரலால் தட்டினார், வெயில் நேரே திரையில் விழுந்தது, நான் அழகுக்குப் போட்ட வெளிர்சாம்பல் எழுத்து கண்ணுக்கே தெரியவில்லை. "கொப்பியில ஒரு வரி மனே, இதில ஆறு தட்டு தட்டணுமா?" அன்றிரவு பெயரையும் தொகையையும் தவிர எல்லாவற்றையும் தூக்கினேன். திகதி போனுக்கே தெரியும், அதை ஏன் கேட்க வேண்டும்? பட்டன் 48 டிபிக்கு (அன்ட்ராய்டில் திரையை அளக்கிற அலகு) குறையக்கூடாது, அது ஏறத்தாழ 9 மில்லிமீற்றர், அடிக்கடி தட்டுவது திரையின் கீழ்ப்பக்கம், பெருவிரல் எட்டுகிற இடத்தில் இருக்க வேண்டும். எழுத்து கறுப்பு, பின்னணி வெள்ளை.

அடுத்தது சிக்னல். மாமியின் மகன் பட்டிருப்புப் பாலம் தாண்டிப் படுவான்கரைக்குச் சாமான் கொண்டுபோவான், உள்ளே போகப்போக நெட் வந்து வந்து போகும், அங்கே சுற்றிக்கொண்டே இருக்கிற வட்டத்தைக் காட்டினால் அவன் ஆப்பை அழித்துவிடுவான். எனவே எழுதியது முதலில் போனுக்குள்ளேயே, ரூம் என்கிற அன்ட்ராய்ட் டேட்டாபேஸில், சேமிக்கப்பட வேண்டும். குருமண்வெளித் துறையில் மண்டூருக்குப் போகச் சனம் பாதைக்கு (தண்ணீரைக் கடக்கிற மிதவைக்கு) காத்து நிற்கிறதே, அதே மாதிரி அனுப்ப வேண்டிய கணக்கெல்லாம் வரிசையில் நிற்கட்டும், நெட் வந்ததும், பின்னணியில் வேலை பார்க்கிற அன்ட்ராய்ட் கருவியான வொர்க்மனேஜர் ஏற்றி அனுப்பும். ஆளிடம் "சேமித்தாயிற்று" என்று உடனே சொல்லிவிடுங்கள்.

தமிழில் செய்கிறவர்கள் தடுக்கி விழுகிற இடம் ஒன்று. "கொப்பி" நமக்கு மூன்று எழுத்து, ஆனால் கொட்லினில் நீளம் கேட்டால் 6 என்று சொல்லும், ஏனென்றால் கம்பியூட்டர் எழுத்துகளுக்கு எண் கொடுக்கிற முறையான யூனிகோடில் கொம்பும் புள்ளியும் விசிறியும் தனித்தனிக் குறி. பெயர் நீளமாக இருக்கிறதே என்று ஐந்தில் வெட்டினால் "கொப்ப" என்று நிற்கும். வெட்டாதீர்கள், அடுத்த வரிக்கு மடங்க விடுங்கள்.

காசைத் தசமமாக வைக்காதீர்கள், சதத்தில் முழு எண்ணாக வையுங்கள், இல்லாவிட்டால் கூட்டிக்கொண்டு போகப்போக சதக்கணக்கு பிசகும். அப்புறம் போனைச் சரித்துப் பாருங்கள்: திரை திரும்பும்போது அன்ட்ராய்ட் அதைப் புதிதாகக் கட்டும், பாதி எழுதின பெயர் காணாமல் போகும். எழுதினதை நினைவில் வைக்கச் சொல்கிற ரிமெம்பர் சேவபிள் (rememberSaveable) என்ற கம்போஸ் கட்டளையைப் போட்டால் தீரும். எனக்கு இது தெரிய இரண்டு கிழமை பிடித்தது.

முதலில் ஏபிகே ஃபைலை, அதாவது போனில் ஆப்பை நிறுவுகிற ஃபைலை, வட்ஸ்அப்பில் அனுப்பி இரண்டு மூன்று பேர் பாவிக்கட்டும். பிளே ஸ்டோருக்கு ஒரு தடவை 25 டொலர் கட்ட வேண்டும், 2023 நவம்பர் நடுப்பகுதிக்குப் பிறகு திறந்த தனிநபர் கணக்கென்றால் வெளியிடுவதற்கு முன் 12 பேர் தொடர்ந்து 14 நாள் சோதித்திருக்கவும் வேண்டும். அதற்குச் சொந்தக்காரரைப் பிடிக்காதீர்கள், ஓம் ஓம் என்று சொல்லிவிட்டு மூன்றாம் நாளே அழித்துவிடுவார்கள். டியூசன் வகுப்புப் பிள்ளைகள் 15 பேரைப் பிடியுங்கள், மூன்று பேர் கழன்றாலும் கணக்குச் சரியாக வரும்.