மீன் வாங்கினோமா, மீனை வாங்கினோமா: ஆங்கிலத்தில் ‘தி’ எங்கே வரும்?

கடலூர் முதுநகரில் மீன் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வருகிறீர்கள். “மீன் வாங்கினோம்” என்றால் ஏதோ மீன், அவ்வளவுதான். “மீனை வாங்கிட்டோம்” என்றால் காலையில் அம்மா சொல்லி அனுப்பிய வஞ்சிரம் பைக்குள் இருக்கிறது என்று அர்த்தம். இந்த ‘ஐ’ உருபு இங்கே செய்யும் வேலையைத்தான் ஆங்கிலத்தில் ‘தி’ செய்கிறது. “தமிழில் இது கிடையாதே” என்று என்னிடம் படிக்க வருகிறவர்கள் பலர் தயங்குவார்கள். அவர்களுக்கு நான் முதலில் சொல்லிக்கொடுப்பது இந்த மீனைத்தான்.

முதல் படி: வாக்கியத்தைத் தமிழில் சொல்லிப் பாருங்கள். “மீன் வாங்கினோம்” என்று வந்தால் ‘வி பாட் ஃபிஷ்’. “மீனை வாங்கினோம்” என்று வந்தால் ‘வி பாட் தி ஃபிஷ்’. ஆனால் ஆட்களைச் சொல்லும்போது இந்தச் சோதனை உதவாது. எந்த டாக்டராக இருந்தாலும் “டாக்டரைப் பார்க்கணும்” என்றுதான் சொல்வோம். எழுவாயிலும் ‘ஐ’ வராது.

அப்படிப்பட்ட இடத்துக்குத்தான் இரண்டாம் படி: கேட்பவர் “எது?” என்று திருப்பிக் கேட்பாரா? கேட்கமாட்டார் என்றால் தைரியமாகத் ‘தி’ போடலாம். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தது. மறு மாதம் பண்ருட்டியில் ஒருவர் ‘வி லாஸ்ட் அவர் கேஷ்யூ ட்ரீஸ் இன் தி சைக்ளோன்’ என்றால், எந்தப் புயல் என்று யாரும் கேட்டிருக்கமாட்டார்கள். இன்று அதே வாக்கியத்தைப் புதுச்சேரிக்காரரிடம் சொன்னால் அவருக்கு 2024 நவம்பர் இறுதியில் வந்த ஃபெஞ்சல் நினைவுக்கு வரலாம். அப்போது பெயரைச் சொல்லிவிடுங்கள்: ‘இன் சைக்ளோன் தானே’. பெயர் வந்ததும் ‘தி’ போய்விட்டது, கவனித்தீர்களா?

சரி, பொதுவாகச் சொல்லும்போது? “அவளுக்கு மீன் பிடிக்கும்” என்பது ‘ஷீ லைக்ஸ் ஃபிஷ்’. ‘தி’ வேண்டாம். பன்மையிலும் அப்படியே: ‘கேஷ்யூ ட்ரீஸ் க்ரோ வெல் இன் சாண்டி சாயில்’. புதுச்சேரியில் பள்ளியில் பிரெஞ்சு படித்தவர்கள் இங்கே கொஞ்சம் நிதானிக்க வேண்டும். அந்த மொழியில் மீன் பிடிக்கும் என்று பொதுவாகச் சொல்வதற்கும் ‘லெ புவாசோன்’ என்று ‘லெ’ சேர்க்கிறோம். அந்தப் பழக்கம் ஆங்கிலத்துக்குள் வந்தால் அர்த்தம் மாறிவிடும்.

இனி எல்லோரையும் குழப்புகிற இடம். பொதுவாகச் சொல்வதற்கும் ‘தி’ வரும், ஒருமையில். நம் கடற்கரைக்கு முட்டையிட வரும் பங்குனி ஆமையை எடுத்துக்கொள்வோம். இரவில் வெள்ளிக் கடற்கரையில் நிற்கிறீர்கள். ஒரு ஆமை பின்துடுப்புகளால் மணலைத் தோண்டிக் குழி பறிக்கிறது. பக்கத்தில் இருப்பவரிடம் மெதுவாகச் சொல்கிறீர்கள்: ‘தி டர்ட்டில் இஸ் லேயிங் எக்ஸ்’. கண்ணெதிரே இருக்கும் அந்த ஒரே ஆமை. மறுநாள் பள்ளிக் கட்டுரையில் எழுதுகிறீர்கள்: ‘தி ஆலிவ் ரிட்லி டர்ட்டில் லேஸ் அபௌட் எ ஹண்ட்ரட் எக்ஸ்’. இது எந்த ஆமையும் இல்லை, அந்த இனம் முழுவதும். இரண்டிலும் ‘தி’ இருக்கிறது. வினைச்சொல்லைப் பாருங்கள்: ‘இஸ் லேயிங்’ என்பது இப்போது நடப்பது, ‘லேஸ்’ என்பது எப்போதும் நடப்பது. விலங்கு, செடி, கருவி பற்றி எழுதும்போது இந்தப் பொது ‘தி’ அதிகம் வரும். பேச்சில் ‘தி’ இல்லாத பன்மையே இயல்பு. அந்த இனத்தை மனதில் வைத்து ‘தி டர்ட்டில்ஸ்’ என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். படிப்பவர் “எந்த ஆமைகள்?” என்று தேடுவார்.

அப்புறம் ‘தி ரிச்’, ‘தி புவர்’ என்றால் பணக்காரர்கள் எல்லோரும், ஏழைகள் எல்லோரும். இதை அப்படியே மனப்பாடம் செய்துகொண்டால் போதும்.

இப்போது நீங்களே இரண்டு வாக்கியங்களை மாற்றிப் பாருங்கள். “பலா மரம் நிழல் தரும்.” “பலா மரத்தை வெட்டிட்டாங்க.” முதலாவதற்கு ‘தி ஜாக்ஃப்ரூட் ட்ரீ கிவ்ஸ் ஷேட்’, ‘ஜாக்ஃப்ரூட் ட்ரீஸ் கிவ் ஷேட்’ இரண்டுமே சரி. இரண்டாவது ‘தே ஹேவ் கட் டௌன் தி ஜாக்ஃப்ரூட் ட்ரீ’. அதைக் கேட்டதும் வீட்டில் இருப்பவர் “ஐயோ, கொல்லையில இருந்ததா?” என்பார்.