டிபி ஸ்டடில சேரச் சொல்றாங்களா? கையெழுத்துப் போடறதுக்கு முன்னால இதையெல்லாம் பாத்துக்கோங்க

பல்லடத்துல எங்க பக்கத்து வீட்டு மாமா தறி ஓட்டறவருங்க. மூணு வாரமா இருமல், சளி டெஸ்ட்ல டிபின்னு வந்துருச்சு. ஆஸ்பத்திரில "ஒரு மருந்து ஸ்டடி நடக்குது, சேந்துக்கறீங்களா"ன்னு கேட்டிருக்காங்க, அதாவது மருந்த நோயாளிகளுக்குக் குடுத்துப் பாக்கற ஆராய்ச்சி. அவ்வளவுதான், அத்தைக்கு நெம்ப வெசனம், "எலிக்குப் போடறத உங்களுக்குப் போடறாங்க"ன்னு ஒரே அழுகை. அவங்களுக்காக நான் தேடிப் பாத்ததத்தான் இங்க எழுதறேன்.

பயப்படறதுக்கு முன்னால ஒண்ணு. பெருந்துறை சானடோரியம்னு பெருசுக சொல்லிக் கேட்டிருப்பீங்க, அந்தக் காலத்துல டிபின்னா அந்த மாதிரி எடத்துல மாசக்கணக்கா படுத்துக் கெடக்கணும். 1956ல மெட்ராஸ்ல ஒரு ஸ்டடி ஆரம்பிச்சாங்க, 193 பேஷண்டுகள ரெண்டாப் பிரிச்சு, பாதிப் பேர சானடோரியத்துல வெச்சு, மீதிப் பேர வீட்லயே வெச்சு, எல்லாருக்கும் ஒரே மாத்திரைய ஒரு வருசம் குடுத்துப் பாத்தாங்க. வீட்ல இருந்தவங்களுக்கும் கிட்டத்தட்ட அதே அளவுக்கு குணமாச்சு, வீட்டாளுகளுக்கு அதிகமா ஒட்டவும் இல்ல. இன்னிக்கு நாம வீட்ல உக்காந்து மாத்திரை முழுங்கறோம்னா அன்னிக்கு அந்த 193 பேரு சேந்ததாலதாங்க.

சரி, முதல் வேலை, நம்பர் கேளுங்க. மருந்து ஸ்டடி எதுவா இருந்தாலும் முதல் ஆளச் சேக்கறதுக்கு முன்னாலயே சிடிஆர்ஐங்கற (CTRI) கவர்மெண்ட் பதிவேட்டுல ஏத்தணும், 2007ல வந்தது, 2009 ஜூன்ல இருந்து கட்டாயம். நம்பர் சிடிஆர்ஐன்னு ஆரம்பிச்சு வருசம், மாசம், அப்பறம் ஒரு எண்ணுன்னு வரும். நம்பர் தரமாட்டேன்னா உங்க சோலியப் பாத்துட்டு வந்துருங்க.

ரெண்டாவது, ஃபோன்ல அந்த சைட்டத் தொறந்து ட்ரையல் சர்ச்ல நம்பரப் போடுங்க. யாரும் கூப்பிடல, நீங்களாத் தேடறீங்கன்னா நோயோட பேர இங்கிலீஷ்ல அடிச்சாப் போதும், டெங்கு, ஹெபடைடிஸ் எதுன்னாலும் சரி. வர்ற பக்கம் நீளமா, பாத்தாலே மலைப்பா இருக்கும், முழுசாப் படிக்க வேண்டாம். ரெக்ரூட்மெண்ட் ஸ்டேட்டஸ்ல ஓப்பன்னு இருக்கா, சைட் லிஸ்ட்ல, அதாவது ஸ்டடி நடக்கற எடங்கள்ல, நம்ம கோயமுத்தூரு, ஈரோடு பக்கத்து ஆஸ்பத்திரி இருக்கா, எத்திக்ஸ் கமிட்டி (ஸ்டடி நியாயமா நடக்குதான்னு பாக்கற குழு) அப்ரூவ்டா, அப்பறம் யாரச் சேப்பாங்க யாரச் சேக்கமாட்டாங்கங்கற எடம். இத்தன பாத்தாப் போதும். கடைசில சொன்னதுலதான் நெறையப் பேரு கழிஞ்சு போவாங்க, சுகர், லிவர், கர்ப்பம், முன்னாடியே மாத்திரை ஆரம்பிச்சதுன்னு காரணம் என்ன வேணா இருக்கும்.

மூணாவதுதாங்க முக்கியம், பேப்பர். தகவல் தாளும் ஒப்புதல் படிவமும் நமக்குப் புரியற பாஷைல இருக்கணும். மாமாகிட்ட எட்டுப் பக்கத் தமிழ்த் தாளக் காட்டி கடைசிப் பக்கத்துல மட்டும் பேனாவ வெச்சுட்டு "இங்க போடுங்க"ன்னாங்க. நான் "வீட்டுக்கு எடுத்துட்டுப் போய்ப் படிச்சுட்டு வர்றோமுங்க"ன்னேன், மூஞ்சி சுருங்குச்சு, ஆனா குடுத்துட்டாங்க. கையெழுத்துப் போட்டப்பறமும் ஒரு காப்பி நமக்குக் குடுக்கணும், மருந்து ஸ்டடிக்குன்னு கவர்மெண்ட் போட்ட 2019 ரூல்லயே இருக்கு. படிக்கத் தெரியாதவங்களுக்கு சம்பந்தமில்லாத ஒரு சாட்சி முழு நேரமும் கூட இருக்கணும். சில புது மருந்து ஸ்டடில வீடியோ கூட எடுப்பாங்க, எச்ஐவி, தொழுநோய் மருந்துன்னா குரல் மட்டும்தான், மூஞ்சி வராது.

படிக்கறப்ப இதையும் கேட்டுருங்க. நமக்குக் குடுக்கறது புது மருந்தா பழசாங்கறத யாரு முடிவு பண்றது (பெரும்பாலும் சீட்டுக் குலுக்கற மாதிரி கம்ப்யூட்டர்தான்), எத்தன தடவ வரணும், பஸ் காசு உண்டா, ஷிஃப்ட் போச்சுன்னா என்ன பண்றது. ஸ்டடியால உடம்புக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா வைத்தியமும் இழப்பீடும் நம்ம தலைல விழக்கூடாது, அதையும் தாள்ல போட்டிருக்கணும். நடுவுல எப்ப வேணா வெலகிக்கலாம், காரணம் சொல்ல வேண்டியதில்ல, வழக்கமான வைத்தியத்த யாரும் நிறுத்த முடியாது.

ஒண்ணே ஒண்ணு, ஸ்டடி வரட்டும்னு டிபி மாத்திரையத் தள்ளிப் போட்றாதீங்க, வீட்ல சின்னக் கொழந்தைக இருந்தா இன்னும் மோசம்.

கையெழுத்துப் போட்டா சேந்தாச்சுன்னு அர்த்தமில்ல, அதுக்கப்பறம்தான் ரத்த டெஸ்ட்டெல்லாம். மாமா மூணு நாள் யோசிச்சு, அத்தையச் சமாதானம் பண்ணி, கையெழுத்துப் போட்டுட்டு வந்தாரு, டெஸ்ட்ல சுகர் எக்கச்சக்கம், சேத்திக்கல. அன்னிக்கே பக்கத்து ரூம்ல வழக்கமான மாத்திரையக் குடுத்து அனுப்பிட்டாங்க. அந்த ஒப்புதல் காப்பி இன்னும் அவங்க ரேஷன் கார்டு கவர்லதான் மடிச்சுக் கெடக்குது.