புயல் ஓய்ந்த மறுநாள்தான் மீன் சாகும்: கொல்லைப்புறக் குளத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

காற்றும் மழையும் அடிக்கும்போது குளத்தின் மேற்பரப்பு கலங்கிக்கொண்டே இருப்பதால், ஆக்சிஜன் தானாகவே தண்ணீரில் கலக்கும். சிக்கல் அதற்குப் பிறகுதான். காற்று நின்றிருக்கும், மேகம் விலகியிருக்காது, கரண்ட் வந்திருக்காது, உதிர்ந்த வேப்பிலையும் முருங்கைத் தழையும் தண்ணீரில் அழுக ஆரம்பித்திருக்கும். கோய், கோல்டு பிஷ், திலேப்பியா எதுவானாலும் விடியற்காலையில் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால் மூச்சுமுட்டுகிறது என்று பொருள்.

ஆகவே முதல் தவறு, புயல் அடிக்கும் நேரத்திலேயே இன்வெர்ட்டரைக் காலி செய்வது. மீன் நெருக்கம் குறைவான குளமென்றால் கொட்டும் மழையில் ஏர் பம்ப்பை நிறுத்தி வைக்கலாம். பேட்டரியை மழை விட்ட பிறகு வரும் இரவுகளுக்கு மிச்சம் பிடியுங்கள். 2018-ல் கஜா கரை கடந்தபின் டெல்டாவின் பல ஊர்களில் கரண்ட் வர வாரக்கணக்கானது. ஒரே ஒரு நாளைக்குத் திட்டமிட்டால் போதாது. இன்வெர்ட்டரில் ஃபில்டர் மோட்டாரை மாட்டாமல் ஏர் பம்ப்பை மட்டும் மாட்டுங்கள். 12 வோல்ட், 150 ஏஎச் பேட்டரி நல்ல நிலையில் இருந்தால், 35 வாட் ஏர் பம்ப் ஒரு நாள் முழுக்க ஓடும். 100 வாட் மோட்டாருக்கு அதில் மூன்றில் ஒரு பங்கு நேரம்தான்.

ஏர் பம்ப் தண்ணீர் மட்டத்துக்குக் கீழே இருந்தால், கரண்ட் போனவுடன் குழாய் வழியாகத் தண்ணீர் பின்னோக்கி இறங்கி பம்ப்புக்குள் புகுந்துவிடும். திரும்ப கரண்ட் வரும்போது பம்ப் ஓடாது. அதனால் பம்ப்பை மட்டத்துக்கு மேலே, மழை படாத இடத்தில் வையுங்கள். குழாயில், காற்றை ஒரு பக்கம் மட்டும் விடும் நான்-ரிட்டர்ன் வால்வு ஒன்றும் போடுங்கள். சில பத்து ரூபாய்தான், ஆனால் பலர் போடுவதில்லை.

அடுத்தது, நிரம்பி வழியுமோ என்ற பயத்தில் பாதிக் குளத்தை இறைத்துவிடுவது. கணக்குப் போட்டுப் பாருங்கள். 3 மீட்டர் நீளம், 2 மீட்டர் அகலம், 1 மீட்டர் ஆழமுள்ள குளத்தின் மேல் 20 செ.மீ. மழை பெய்தால் சேர்வது 1,200 லிட்டர். மட்டம் உயர்வதும் அதே 20 செ.மீ. தான். ஆனால் 500 சதுர அடி மொட்டைமாடியிலிருந்து அதே மழைக்கு 9,000 லிட்டருக்கு மேல் இறங்கும். ஆக, வழிவதற்குக் காரணம் பெரும்பாலும் மாடித் தண்ணீர்க் குழாய். அதை வேறு பக்கம் திருப்பிவிட்டு, குளத்தில் 15-20 செ.மீ. மட்டும் குறைத்தால் போதும். அதற்கு மேல் இறைத்தால் அத்தனை மீனும் கொஞ்சத் தண்ணீரில் நெருக்கியடிக்கும். தார்ப்பாய் விரித்த குளத்தில் இன்னொரு ஆபத்தும் உண்டு. நிலத்தடி நீர் ஏறும்போது மேலே அழுத்தத் தண்ணீர் எடை இல்லாததால் பாய் உப்பிக்கொண்டு எழும்பும்.

ஓவர்ஃப்ளோ குழாயின் வாயில் வலையைத் தட்டையாகக் கட்டாதீர்கள். ஒரு வாதாம் இலை ஒட்டினாலே அடைத்துக்கொள்ளும். வாளி அளவுக்கு வலைக் கூடையாகச் சுற்றிக் கட்டுங்கள். டேங்க் கிளீனர் எனப்படும், பாசி தின்னும் வெளிநாட்டு மீனை வளர்ப்பவர்கள் இதில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். அது தப்பி ஏரிக்குப் போனால் நாட்டு மீன்களுக்குத்தான் கேடு.

குளத்தைத் தார்ப்பாயால் மூடுவதும் வேண்டாம். மழைத் தண்ணீர் தேங்கி நடுவில் தொய்ந்து, கட்டிய கயிற்றோடு உள்ளே விழும். வலையை இழுத்துக் கட்டினால் இலையும் மட்டையும் தடுக்கப்படும், காற்றும் போகும். காய்ந்த தென்னை மட்டையையும் தேங்காயையும் முன்கூட்டியே இறக்கிவிடுங்கள்.

“பாவம், பட்டினி கிடக்குமே” என்று தீனி போடுவதும் தவறுதான். புயலுக்கு ஒரு நாள் முன்பே நிறுத்துங்கள். செரிக்கும்போது மீனுக்கு ஆக்சிஜன் அதிகம் வேண்டும், அம்மோனியாவும் கூடும். ஃபில்டர் ஓடாத நேரத்தில் அதை நீக்க வழியில்லை. வளர்ந்த மீன் சில நாள் தாங்கும்.

எல்லாவற்றையும்விட அதிகம் நடக்கும் தவறு, கரண்ட் வந்தவுடன் ஃபில்டரை அப்படியே ஓடவிடுவது. பல மணி நேரம் நின்ற ஃபில்டருக்குள் காற்றில்லாமல் நல்ல பாக்டீரியா செத்து, தண்ணீர் அழுகியிருக்கும். திறந்தால் அழுகிய முட்டை நாற்றம் வரும். அதை ஒரே தள்ளில் குளத்துக்கு அனுப்பினால், புயலில் பிழைத்த மீனும் மிதக்கும். உள்ளே நின்ற தண்ணீரை வெளியே ஊற்றி, ஸ்பாஞ்சைக் குளத்துத் தண்ணீரில் அலசி, பிறகு ஓட்டுங்கள். மோட்டார் தண்ணீரில் மூழ்கியிருந்தால், மெயினை அணைக்காமல் குளத்தில் கைவைக்காதீர்கள்.

மழைத் தண்ணீருக்குக் காரத்தன்மை கிடையாது. அது நிறையச் சேர்ந்தால், குறிப்பாகத் தார்ப்பாய்க் குளத்தில், பிஎச் நிலைகொள்ளாது. 1,000 லிட்டருக்கு 30 கிராம் சமையல் சோடாவை ஒரு வாளித் தண்ணீரில் கரைத்துச் சுற்றி ஊற்றினால் கேஎச் (காரத்தன்மையின் அளவு) ஏறக்குறைய ஒரு டிகிரி ஏறும். ஒரே நாளில் இரண்டு டிகிரிக்கு மேல் ஏற்ற வேண்டாம்.

தண்ணீர் மாற்றும்போது போர் தண்ணீரைப் பூவாளி போல மேலிருந்து சிதற விடுங்கள்; அதில் ஆக்சிஜன் குறைவு. லாரித் தண்ணீரில் புயலுக்குப் பின் குளோரின் கூடுதலாகவே இருக்கும். 1,000 லிட்டருக்கு 15 கிராம் வீதம், குளோரினை நீக்கும் சோடியம் தயோசல்பேட்டை முதலில் கலந்துவிட்டு ஊற்றுங்கள். ஒரு நாளில் கால் பங்குக்கு மேல் மாற்றாதீர்கள்.

பேட்டரியும் தீர்ந்துவிட்டால் வாளிதான். குளத்துத் தண்ணீரையே மொண்டு, இடுப்பு உயரத்திலிருந்து திரும்ப ஊற்றுங்கள். அரை மணிக்கு ஒரு முறை, ஐந்து நிமிடம். முக்கியமாக நள்ளிரவு முதல் விடியும் வரை.